பதினேழாம் இலக்கக் கம்பி

மண் அரிப்புப் பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். கருவிகளைப் பற்றி நான் உங்களுக்கு ஒன்றும் சொல்லப் போவதில்லை. ஒரு கம்பியையும் அடிமட்டத்தையும் வைத்துக்கொண்டு நாங்கள் செய்ததை நீங்கள் வானத்தில் எதையோ பறக்கவிட்டுச் செய்கிறீர்கள். நல்லது. நான் சொல்ல வந்தது ஒன்றே ஒன்று: உங்கள் களப் புத்தகத்தை ஒருபோதும் இன்னொருவரின் பையில் போடாதீர்கள். இதற்கா இவ்வளவு பீடிகை என்று சிரிப்பீர்கள். சிரித்து முடியுங்கள், காரணத்தைச் சொல்கிறேன்.

நான் பாலைவனம் படித்தவன். ராஜஸ்தானில் ஒரு வருடம் பயிற்சிக்கு அனுப்பினார்கள். திரும்பி வந்ததும் என்னைத் தூக்கிக் கண்டியில் போட்டார்கள். வருடத்தில் பாதி நாள் குடை பிடிக்கிற ஊரில் பாலைவனம் படித்தவனுக்கு என்ன வேலை என்று திணைக்களக் கந்தோரில் ஒருவர் மிச்சமில்லாமல் கேட்டார்கள். மழைக்கோட்டு வாங்கிவிட்டீரா என்று தேநீர் கொண்டு வருபவர்கூடக் கேட்டார். என் பதில் கண்டிக்கு வெளியே, பிலிமத்தலாவைக்கு அப்பால் இருந்தது.

பெருந்தெருவிலிருந்து உள்ளே இரண்டு மைல் ஏறினால், கைவிடப்பட்ட தேயிலைத் துண்டு ஒன்று. பல வருடமாக யாரும் கவனிக்காத சரிவு. மேல்மண் முழுதும் கழுவிக்கொண்டு போய், வெள்ளைக் கற்கள் மேலே பரவிக் கிடந்தன. நிலம் வெயிலில் இறுகி ஓடு கட்டியிருந்தது. அந்த ஓட்டின் மேல் இங்கொன்றும் அங்கொன்றுமாக மானாப்புல் பற்றைகள். ஒவ்வொரு பற்றையும் தனக்கென்று ஒரு சிறு மேட்டில் ஏறி நின்றது. முதல் நாள் அதைப் பார்த்ததும் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ராஜஸ்தானில் நான் பார்த்தது அப்படியே என் முன்னால் கிடந்தது. அங்கே காற்று செய்த வேலையை இங்கே மழை செய்திருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

பாலைவனத்தில் நிலமும் செடியும் தனித்தனியே வளர்வதில்லை. ஒரு செடி காற்றை மறிக்கிறது. அதன் காலடியில் மணல் தங்குகிறது. மணல் ஏற ஏறச் செடியும் தலையை உயர்த்துகிறது. வேர் மேட்டைப் பிடிக்கிறது, மேடு வேருக்கு ஈரம் வைத்துக் கொடுக்கிறது. மேட்டுக்கு வயதானதும் வேறு செடிகள் வந்து குடியேறுகின்றன. நடுவில் கிடக்கும் வெளி இன்னும் இறுகி, தன் மேல் விழுந்த தண்ணீரையும் மேட்டுக்கே தள்ளிவிடுகிறது. என்னைப் பயிற்றியவர் இதையெல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில் ஒரு கேள்வி கேட்பார்: முதலில் வந்தது மேடா, செடியா? இதற்கு யாரும் கடதாசியில் விடை எழுத வேண்டாம், போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள் என்பார்.

எங்கள் தலைமை அதிகாரி, கண்டியையே பிறந்த ஊராகக் கொண்ட சிங்களவர், நல்ல மனிதர், மேடுதான் முதல் என்றார். சுற்றியுள்ள நிலம் கரைந்துபோக மிஞ்சி நின்ற திட்டிகளில் புல் ஏறிக்கொண்டது என்பது அவர் வாதம். புல்தான் மேட்டைக் கட்டுகிறது என்பது என் வாதம். இது வெறும் வாய்ச்சண்டை அல்ல. நான் சொன்னது சரியென்றால் வரிசையாகப் புல் நட்டு அந்தச் சரிவை மீட்கலாம். அவர் சொன்னது சரியென்றால் அது வீண்வேலை. ஆகவே சரிவு முழுதும் நாற்பது இரும்புக் கம்பிகளை அடித்தேன். பாதி வெளியில், பாதி பற்றைகளுக்குள். ஒவ்வொன்றின் தலையிலும் சிவப்பு மை பூசி இலக்கமிட்டேன். கம்பி நிலத்துக்கு மேலே எவ்வளவு தெரிகிறது என்று மழைக்கு முன்னும் பின்னும் அளப்பேன். கூடத் தெரிந்தால் மண் போயிருக்கிறது. குறையத் தெரிந்தால் மண் சேர்ந்திருக்கிறது.

இந்த வேலையில் எனக்குத் துணையாக வந்தவர் ஒருவர். பெயர் சொல்ல மாட்டேன். கண்டி நகரத்து மஹய்யாவையில் இருந்த மலையகத் தமிழர், மஹய்யாவைக்காரர் என்றே வைத்துக்கொள்ளுங்கள். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். எங்கள் கந்தோரில் தொழிலாளியாகப் பதிவு. மனைவி நகரசபையில் வேலை. தமக்கை அந்தச் சரிவுக்குக் கீழே இருந்த தோட்டத் தொழிலாளர் லயத்தில் குடியிருந்தார். சிங்களம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. எனக்கோ யாழ்ப்பாணத்து வாயில் அது முழங்காலால் நடக்கும். எந்தச் செடி எந்த மாதம் எங்கே தலை காட்டும் என்று நான் புத்தகத்தைப் புரட்டிக் கண்டுபிடிப்பதை அவர் சும்மா நின்றே சொல்வார். என்னிடம் இருந்தது படிப்பும் கோபமும். கம்பிக்குப் பக்கத்தில் ஒரு புல்லைக்கூடத் தொடக்கூடாது என்பது என் சட்டம். ஒருமுறை யாரோ ஒருவர் ஆட்டைக் கொண்டுவந்து அங்கே கட்டியதற்கு நான் போட்ட சத்தம் லயம் வரைக்கும் கேட்டதாம். பிறகு எங்களோடு வேலை செய்த ஒருவரைப் புல்லைத் தொட்டதற்காகவே வேலையால் நிறுத்தினேன்.

இனிக் காலத்தைச் சொல்ல வேண்டும். தமிழருக்கு எதிரான எண்பத்துமூன்றுக் கலவரம் நடந்து சில வருடம் ஆகியிருந்தது. வடக்கில் போர், தெற்கில் சிங்கள இளைஞர்களின் கிளர்ச்சி. கண்டியைச் சுற்றி எல்லாத் தெருவிலும் சோதனைச்சாவடி. பஸ்ஸிலிருந்து இறக்கப்பட்டவர்களில் சிலர் வீடு வந்தார்கள், சிலர் வரவில்லை. வராதவர்களைப் பற்றி யாரும் உரக்கப் பேசவில்லை.

என் களப் புத்தகம் எப்படியிருந்தது தெரியுமா? தமிழில், சுருக்கெழுத்தில். வெயிலில் நின்று எழுதும்போது எனக்குத் தாய்மொழிதான் வரும். பற்றைக்கு ‘ப’, வெளிக்கு ‘வெ’, பக்கத்தில் கூட்டல் கழித்தல் அடையாளங்கள். கடைசிப் பக்கத்தில் மலையின் படம், அதில் நாற்பது புள்ளிகள். முதற்பக்கத்தில் என் பெயர் இல்லை, கந்தோரின் பெயரும் இல்லை. பிறகு நல்ல பிரதி எழுதுவோம் என்று மூன்று வருடமாக எழுதவில்லை. யாழ்ப்பாணத்தில் பிறந்ததாக அடையாள அட்டையில் உள்ள ஒருவனின் கையில் அந்தப் புத்தகம் அகப்பட்டால் என்னவாகும் என்று எனக்கு நன்றாகவே தெரிந்திருந்தது.

ஊரடங்குகளால் நாலு மாதம் அந்தச் சரிவுக்கு நான் போகவில்லை. பெருமழைக்குப் பிறகு ஒரு நாள் அளக்கலாம் என்று முடிவு செய்தோம். முதல் நாள் பின்னேரம் புத்தகத்தை மஹய்யாவைக்காரரிடம் கொடுத்து, நாளைக்கு நீர் இதோடு பஸ்ஸில் வாரும், நான் கந்தோர் ஜீப்பில் வருகிறேன் என்றேன். ஜீப்பில் இடமில்லை என்று ஒரு பொய்யும் சொன்னேன். சிங்களம் சரளமாகப் பேசுகிறவர், கண்டியிலேயே பிறந்து வளர்ந்தவர், அவருக்கு ஒன்றும் வராது என்று என்னையே சமாதானப்படுத்தினேன். அவர் ஒன்றும் கேட்காமல் புத்தகத்தை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார்.

மறுநாள் அடிவாரத்து மதகில் குந்திக்கொண்டு மத்தியானம் வரை பார்த்தேன். ஆள் வரவில்லை. புத்தகம் இல்லாமல் மேலே ஏறி என்ன செய்ய? வேலைக்குக் கள்ளமடிக்கிறான் மனிதன் என்று வாய்க்குள் ஏசிக்கொண்டு திரும்பிவிட்டேன். அந்த நேரத்தில் அவர் எங்கே இருந்தார் என்பதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

அடுத்த நாள் காலை கந்தோர் திறக்கும்போது அவருடைய மனைவி படியில் நின்றுகொண்டிருந்தார். நகரசபைச் சேலையோடு வேலைக்குப் போகாமல் வந்திருந்தார். பஸ்ஸில் கூட வந்த ஒருவர் வந்து சொன்னதாகச் சொன்னார். சோதனைச்சாவடியில் பையைத் திறந்தார்கள், புத்தகத்தைப் பார்த்தார்கள், ஆளை இறக்கி இராணுவ முகாமுக்குக் கொண்டுபோனார்கள்.

“ஒங்க புக்குதான் ஐயா,” என்றார். “வேற ஒன்னும் அவரு பையில இல்ல. சோத்துப் பார்சல்தான் இருந்துச்சு.”

அழவில்லை. என்னைக் குற்றம் சாட்டவுமில்லை. அதை மட்டும் சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

தலைமை அதிகாரியிடம் ஓடினேன். கொழும்புக்கு எழுதி அங்கிருந்து அனுமதி பெற்று முறைப்படி கேட்பதுதான் ஒழுங்கு என்றார். அதற்கு எத்தனை நாள் என்று கேட்டேன். அந்த நாட்களில் ஒரு மனிதனை இரண்டாம் நாள் கேட்பதற்கும் பத்தாம் நாள் கேட்பதற்கும் உள்ள வித்தியாசம் அவருக்கும் தெரியும். கடைசியில் சிங்களத்தில் ஒரு கடிதம் எழுதி, முத்திரை குத்தி, ஜீப்பையும் தந்தார். தான் வரவில்லை என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவருக்கும் வளர்ந்த மகன்கள் இருந்தார்கள், அது அவர்களுக்கும் பொல்லாத காலம்.

முகாமில் இருந்த அதிகாரி இளைஞர். கடிதத்தை வாசித்து ஒரு பக்கமாக வைத்தார். இந்த நாட்களில் முத்திரை எங்கும் செய்யலாம் என்றார். பிறகு என் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு அடையாளமாகக் கேட்டார். நான் என் முழங்கால் சிங்களத்தில் பற்றை என்கிறேன், வெளி என்கிறேன், மண் என்கிறேன். பிடிபட்டவரும் இதைத்தான் சொல்கிறார், புல்லுக் கணக்கு என்கிறார், எந்த அரசாங்கம் புல்லை எண்ணச் சம்பளம் கொடுக்கிறது என்று அதிகாரி கேட்டார். நியாயமான கேள்விதான். யாருடைய புத்தகம் என்று கேட்டதற்கு மட்டும் மஹய்யாவைக்காரர் வாய் திறக்கவில்லையாம். எவ்வளவு கேட்டும் சொல்லவில்லை என்று அதிகாரி சொன்ன விதத்தில், எப்படிக் கேட்டிருப்பார்கள் என்று எனக்கு விளங்கியது.

இங்கேதான், பிள்ளைகளே, தலையைப் பாவிக்க வேண்டும். மேசைக்கு முன்னால் எவ்வளவு நேரம் இருந்தாலும் நான் யாழ்ப்பாணத்தான். என் ஒவ்வொரு சொல்லும் சந்தேகத்தைக் கூட்டும். மலையில் நின்றால் நான் வேலை தெரிந்தவன். ஆகவே சொன்னேன்: எங்களை அங்கே கொண்டுபோங்கள். புத்தகம் உங்கள் கையிலேயே இருக்கட்டும். நீங்கள் விரும்பிய இலக்கத்தைச் சொல்லுங்கள். நாலு மாதத்துக்கு முன் எழுதிய அளவு அதில் இருக்கிறது. வெளியில் உள்ள கம்பி இப்போது அதைவிடக் கூடத் தெரியும்; பற்றைக்குள் உள்ளது குறையத் தெரியும். ஒன்று பிழைத்தாலும் நான் சொன்னதெல்லாம் பொய் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசி வாக்கியத்தை யாரும் என்னிடம் கேட்கவில்லை. என் அகங்காரம் சொன்னது அது. மூன்று வருட அளவு கையில் இருக்கிறவனுக்கு வாய் கொஞ்சம் நீளம்.

மஹய்யாவைக்காரரையும் தங்கள் ஜீப்பில் ஏற்றினார்கள். கை கட்டியிருந்தது, ஒரு கண் வீங்கியிருந்தது. என்னைக் கண்டதும் அவர் முகத்தில் நிம்மதி வரவில்லை, பயம்தான் வந்தது. ஏன் வந்தீர்கள் என்று கேட்பதுபோலப் பார்த்தார்.

சரிவில் அதிகாரி முதலில் எட்டாம் இலக்கத்தைச் சொன்னார். வெளி. அடிமட்டத்தை வைத்து அவரே அளந்தார். நாலு மாதத்துக்கு முன்பிருந்ததைவிட ஒரு விரல் அளவு கூடத் தெரிந்தது. அடுத்தது முப்பத்தொன்று. பற்றை. குறைந்திருந்தது. அவர் முகம் கொஞ்சம் தளர்ந்தது. என் நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தது. மூன்றாவதாகப் பதினேழு என்றார்.

பதினேழும் பற்றைதான். போய்ப் பார்த்தால் பற்றையைக் காணவில்லை. அடிக்கட்டைகள்தான் சீவிவிட்டதுபோல நின்றன. மேடு பாதி கரைந்து, கம்பி நெட்டையாக நின்றது. அதிகாரி அளந்தார், புத்தகத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் சொன்னதற்கு நேர் எதிர். அவருக்குப் பின்னால் நின்ற சிப்பாய் துவக்கைத் தோளிலிருந்து இறக்கினான்.

அந்த நேரத்தில் என் தலைக்குள் நாலைந்து நல்ல பொய்கள் ஓடின. மண் சரிந்தது என்று சொல்லலாம். இலக்கம் மாறிவிட்டது என்று சொல்லலாம். ஆனால் பொய் சொன்னால் அதைத் தாங்க இன்னொரு பொய் வேண்டும், என்னிடம் அவ்வளவு சிங்களம் இல்லை. தெரியாது என்றேன். எனக்கு இது விளங்கவில்லை, நான் எதிர்பார்த்தது இதுவல்ல என்றேன்.

அப்போதுதான் இராணுவ ஜீப்புக்குப் பக்கத்தில் நின்ற மஹய்யாவைக்காரர் வாய் திறந்தார். அதிகாரியிடம் சிங்களத்தில் ஏதோ சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“அது நான் வெட்டுனது ஐயா.”

அக்காவின் மாட்டுக்கொட்டில் மழையில் ஒழுகியதாம். கூரைக்கு மானா வேண்டியிருந்தது. சரிவில் அடர்த்தியாக இருந்த ஐந்து பற்றைகளை மழை தொடங்கும்போது அடியோடு வெட்டினாராம். பிறகு துளிர்த்ததை மாடு மேய்ந்துவிட்டது. கம்பிப் பற்றைகள் என்று தெரிந்துதான் வெட்டினார். என்னிடம் சொல்ல அவருக்குப் பயமாம்.

எந்த ஐந்து என்று அதிகாரி கேட்டார். அவர் கட்டிய கைகளாலேயே சுட்டிக் காட்டினார்: பதினேழு, பத்தொன்பது, இருபத்திரண்டு, மேலே இரண்டு. அதிகாரி என்னைத் தூர நிற்கச் சொல்லிவிட்டு ஒவ்வொன்றாகப் போய் அளந்தார். ஐந்திலும் மேடு கரைந்து கம்பி நெட்டையாகியிருந்தது. வெட்டாத பற்றைகளில் இரண்டைப் பார்த்தார். அங்கே மண் ஏறியிருந்தது. பிறகு கீழே லயத்துக்கு ஒரு சிப்பாயை அனுப்பினார். கொட்டிலின் கூரையில் புல் இருந்தது. அதற்குக் கீழே மாடும் இருந்தது.

எனக்குத் தெரியாததை மஹய்யாவைக்காரர் சொன்னார், அவருக்கு வாசிக்கத் தெரியாத என் சுருக்கெழுத்து அதற்குச் சாட்சி சொன்னது. இருவர் கூடிச் செய்த கட்டுக்கதை இப்படி அமையாது என்று அதிகாரிக்கு விளங்கிவிட்டது. கையை அவிழ்க்கச் சொன்னார். புத்தகத்தை என்னிடம் நீட்டி, முதற்பக்கத்தில் இது என்ன என்று சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்று மொழியிலும் எழுது, முட்டாள் என்றார். அவ்வளவு பிரயோசனமான ஆலோசனை எனக்கு எந்தப் பயிற்சியிலும் கிடைத்ததில்லை. இன்றைக்கே போய் உங்கள் புத்தகங்களில் எழுதுங்கள்.

எங்களை அங்கேயே விட்டுவிட்டு அவர்கள் போனார்கள். கந்தோர் ஜீப் பெருந்தெருவில் நின்றது. இருவரும் இறங்கி நடந்தோம். அவர் நொண்டினார். என் தோளைப் பிடிக்கச் சொன்னேன், மாட்டேன் என்றார்.

உண்மையைச் சொல்கிறேன், அந்த நிலையிலும் என் மூளையின் ஒரு மூலை அந்த ஐந்து கம்பிகளையே சுற்றிக்கொண்டிருந்தது. மேடு முதல் வந்ததென்றால் புல் போன பிறகும் அது நின்றிருக்க வேண்டும். ஒரே மழையில் போய்விட்டது. புல்லை வெட்டிப் பார்க்காமல் இதற்கு விடை கிடைத்திராது. வெட்ட விடாமல் காவல் நின்றவன் நான். மூன்று வருடமாக நான் தேடிய விடையை அவர் ஒரு மாட்டுக்கொட்டிலுக்காகக் கண்டுபிடித்து, எனக்குப் பயந்து மறைத்து வைத்திருந்தார்.

“சொல்லியிருந்தா ஏசியிருப்பீங்கல்ல?” என்று கேட்டார்.

“ஓம். ஏசித்தான் இருப்பன். வேலையாலயும் நிப்பாட்டியிருப்பன்.”

ஒரு வளைவுக்குக் கிட்ட வந்ததும் மறுபடி கேட்டார்.

“புக்க ஏன் ஐயா என்கிட்ட குடுத்தீங்க? ஜீப்புல எடம் இருந்துச்சே.”

அதற்கும் என்னிடம் நல்ல காரணங்கள் தயாராக இருந்தன. அவருடைய சிங்களம், அவருடைய ஊர். அவற்றை ஒதுக்கினேன்.

“எனக்குப் பயம் அண்ணை,” என்றேன். அவரை அப்படி அழைத்தது அதுதான் முதல் தடவை.

“தெரியும்,” என்றார். “குடுக்கயிலேயே தெரியும். அதான் ஒங்க பேரச் சொல்லல.”

நான் அந்த வளைவில் நின்றுவிட்டேன். அவர் திரும்பிப் பார்த்துவிட்டு, வாங்க ஐயா, வீட்டுல தேடுவாங்க என்று சொல்லிக்கொண்டு நொண்டியபடியே முன்னால் நடந்தார்.

அந்தச் சரிவில் பிறகு வரிசை வரிசையாக மானா நட்டோம். தலைமை அதிகாரி வாதத்தை விட்டுக்கொடுத்து, முதல் வரிசைக்கு அவரே வந்து குழி தோண்டினார். நட்ட இடத்தில் மண் ஏறியது. இப்போது அங்கே மரமே நிற்கிறது. போய்ப் பார்த்தால் அது ஒரு காலத்தில் மொட்டையாகக் கிடந்தது என்று நம்ப மாட்டீர்கள். புத்தகத்தை ஓய்வுபெறும் வரை என் சட்டைப் பையிலேயே கொண்டு திரிந்தேன். சோதனைச்சாவடிகளில் பல தடவை இறக்கப்பட்டேன், இரண்டு தடவை அறையும் வாங்கினேன்.

அந்தப் புத்தகம் இப்போது உங்கள் கந்தோர் அலுமாரியில் இருக்கிறது. பதினேழாம் இலக்கத்துக்கு நேரே நான் எழுதியதைப் பாருங்கள்: புல் வெட்டப்பட்டது, மேடு போயிற்று, புல்லே முதல். அதற்குக் கீழே, கண்டுபிடித்தவர் என்று எழுதி ஒரு பெயர் போட்டிருக்கிறேன். மூன்று மொழியிலும், முழுப் பெயராக. என் பெயரை அந்தப் பக்கத்தில் தேட வேண்டாம்.